நிறைமாதமும் ஒரு நாள் கூலியும்

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் நமது காரியாலயத்துக்கு ஓர் ஆலைத் தொழிலாளி வந்தார். இரவு ஷிப்டு முடிந்து நேரே வந்தவர். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அவரும் அவருடைய மனைவியும் ஒரே நூற்பு ஆலையில் வேலை செய்கிறார்கள். அவர் நிரந்தரம், மனைவி காண்டிராக்டர் கணக்கு. மனைவிக்கு எட்டு மாதம் நிறைந்துவிட்டது. இதற்கு முன்பு செக்கப்புக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் போய்விட்டு வந்ததற்கு, அன்றைய கூலியை மட்டுமல்ல, அந்த வாரத்து அட்டெண்டன்ஸ் போனஸையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டார்களாம். "ஒரு நாள் போனதுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு, தோழர். அதிலிருந்து ரெண்டு தடவையா செக்கப்புக்கே போகல. பிடிச்ச பணத்தைத் திருப்பி வாங்க ஒரு மனு எழுதித் தரணும்" என்று கேட்டார்.

மனு எழுத உட்கார்ந்தோம். அப்போது அங்கே இருந்த மாதர் சங்கத் தோழர் ஒருவர், "உங்கள் வீட்டுக்காரம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று சும்மா விசாரித்தார். "கால் வீங்கியிருக்கு. நிறைமாசத்துல எல்லாருக்கும் வர்றதுதானேன்னு எங்கம்மா சொல்லுது" என்றார். "முகம்?" "முகமும் ரெண்டு நாளா உப்பின மாதிரிதான் இருக்கு. தலைவலின்னு படுத்தே கிடக்கா." அந்தத் தோழர் எழுந்துவிட்டார். "மனுவை நாளைக்கு எழுதலாம். முதலில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இப்போதே" என்று அவரோடு தானும் புறப்பட்டுப் போனார்.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கையில் பட்டை கட்டிப் பார்த்தபோது ரத்த அழுத்தம் 160-க்கு 110. சிறுநீரில் உப்பு என்று ஜனங்கள் சொல்லும் ஆல்புமின் இறங்கியிருந்தது. உடனே 108 வண்டியை வரவழைத்து, வலிப்பு வராமல் தடுக்கும் மக்னீசியம் ஊசியைப் போட்டு, ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவான பெண் குழந்தை. சில நாள் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் இப்போது வீட்டில் சுகமாக இருக்கிறார்கள்.

அந்த மனுவைப் பிறகு எழுதிக் கொடுத்தோம். ஆனால் எழுதும்போது நமக்கு ஏற்பட்ட சங்கடத்தை மறைக்க விரும்பவில்லை. அவர் கூலியைப் பற்றிச் சொன்னதும் நாம் பேனாவை எடுத்தோம். அவர் மனைவியின் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்க நமக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாகத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்யும் நாம், பிரசவம் பெண்கள் சமாசாரம், பஞ்சப்படி நம் சமாசாரம் என்று மனத்துக்குள்ளே இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம் போலும்! ஆகவேதான் இவ்வாரத் தலையங்கத்தை நிறைமாதச் செக்கப்புக்கு ஒதுக்குகிறோம்.

செக்கப் என்று சொன்னால், "வரிசையில் காக்க வைப்பார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார்கள், இதற்கு ஒரு நாள் கூலியைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?" என்று நம் தொழிலாளிகளிலே பலர் கேட்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்தச் சில நிமிஷத்தில் நர்ஸம்மா என்ன தேடுகிறார் என்பது தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

முதலில் ரத்த அழுத்தம். பாய்லர் உள்ள ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறபோது பாய்லர் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சத்தம் கூட மாறாது. முள்ளைப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். கர்ப்பிணியின் உடம்பும் அப்படியே. மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ எட்டினால் அது எச்சரிக்கை. அதோடு சிறுநீரில் ஆல்புமினும் இருந்தால், பேறுகால வலிப்பு என்றும் ஜன்னி என்றும் நம் கிழவிகள் பயந்து சொன்ன நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். இந்த நோயில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறைகிறது. வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடை வயல் காய்கிற மாதிரி வயிற்றுக்குள் பிள்ளை வாடுகிறது. தாய்க்குத் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி என்று ஆரம்பித்து வலிப்பில் போய் முடியும். முக்கால்வாசி நாள் இந்த நோய் ஏழாவது மாதத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தாவது மாதத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்பது எட்டாவது மாதத்துக்குச் சாட்சி ஆகாது.

கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நின்று வேலை செய்கிற பெண்ணுக்கு நிறைமாதத்தில் சாயங்காலம் பாதம் வீங்கி, ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடுவது சகஜம். மாமியார் சொல்வது அந்த அளவுக்குச் சரி. காலையில் எழுந்த பிறகும் வடியாத வீக்கம், முகத்திலும் கை விரலிலும் வருகிற வீக்கம், வளையல் மோதிரம் இறுக்குகிற வீக்கம்—இது வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தப் பட்டையும் மீட்டரும் வேண்டும். மாமியாரின் அனுபவத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் கண்ணால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க முடியாது.

அடுத்தது விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. 7 கிராமுக்கும் குறைந்தால் கடுமையான ரத்தசோகை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் நூறு கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ சரிபாதி. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தப்போக்கு எல்லோருக்கும் உண்டு. நல்ல ரத்தம் உள்ளவள் அரை லிட்டர் போனாலும் தாங்கி எழுந்துவிடுவாள். ஏற்கனவே பாதி ரத்தத்தோடு பிரசவ அறைக்குள் போகிறவளுக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்னை. நிறைமாதத்துக்குச் சில வாரம் முன்னாலேயே கண்டுபிடித்தால் ஊசி மூலம் இரும்புச் சத்தை ஏற்றலாம். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்யலாம். வலி எடுத்த பிறகு கண்டுபிடித்தால் ரத்தத்துக்கு ஆள் தேடி ஓட வேண்டியதுதான்.

சர்க்கார் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை 180 நாள் தினம் ஒன்று சாப்பிடச் சொல்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்று ஒரு பேச்சு கிராமங்களில் உலவுகிறது. அது உண்மை அல்ல. மலம் கறுத்துப் போகிறதே என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. இன்னொரு விஷயம் ஆலைப் பெண்களுக்கு மிக முக்கியம்: டீயோடு இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் இரும்புச் சத்து உடம்பில் சேராது. ஷிப்டை டீயிலேயே ஓட்டுகிறவர்கள் நாம். டீக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரமாவது விட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளையில் சாப்பிட வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது.

மாத்திரையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் நாம் பாதி உண்மை சொன்னவர்கள் ஆவோம். பருப்பும் முட்டையும் கீரையும் தட்டில் விழாத வீட்டுக்கு மாத்திரை மட்டும் போனால் என்ன ஆகும்? வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் கர்ப்பிணியாக இருந்தாலும் அப்படியேதான் சாப்பிடுகிறாள். கூலி உயர்ந்தால் அவள் தட்டும் நிறையும் என்பது சரி. ஆனால் இருக்கிற சோற்றிலே அவளுக்கு முதலில் போட வேண்டும் என்பதற்கு எந்த முதலாளியின் அனுமதியும் வேண்டியதில்லை. இதை ஆண் தோழர்களுக்காக எழுதுகிறோம்.

பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. அது வெறும் சடங்கு அல்ல. கர்ப்பப்பையின் உச்சி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பிள்ளை வாரத்துக்கு ஏற்ப வளருகிறதா என்று கணக்குப் போடுகிறார்கள். முப்பத்தாறாவது வாரத்தில் அந்த உச்சி நெஞ்செலும்பின் அடியை எட்டும். அதன் பிறகு பிள்ளையின் தலை கீழே இறங்க, உச்சியும் தாழும். 'வயிறு இறங்கிவிட்டது' என்று நம் பெண்கள் சொல்வது இதைத்தான். பிள்ளை தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா, காலோ புட்டமோ முன்னே நிற்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்பது கடைசி வாரங்களில்தான் நிச்சயமாகும். குறுக்கே கிடக்கும் பிள்ளை தானாகப் பிறக்காது. இதை முப்பத்தாறாவது வாரத்தில் தெரிந்துகொண்டவள் ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே போய்ச் சேரலாம். தெரியாதவள் நடுராத்திரியில் வலி எடுத்து, வண்டி தேடி, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும்.

பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார்கள். நிமிஷத்துக்கு 120-லிருந்து 160 வரை இருப்பது வழக்கம். சர்க்கரை இருக்கிறதா என்று குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். தாயின் ரத்தம் நெகடிவ் வகையானால் அதற்கு ஊசி உண்டு. பிள்ளை துடிப்பது எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த மெஷினும் பதில் சொல்லாது. தாய்தான் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, பிள்ளையின் அசைவை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்துத் தடவைகூட அசையவில்லை என்றாலும், வழக்கத்தைவிடத் துடிப்பு குறைந்திருக்கிறது என்று தோன்றினாலும், அடுத்த செக்கப் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். ஆனால் எட்டு மணி நேரம் மெஷினோடு ஓடுகிறவளுக்கும், இடுப்பை வளைத்து நாற்று நடுகிறவளுக்கும் படுத்து எண்ணுவதற்கு நேரம் எங்கே? கணவன்மார்கள் சாயங்காலச் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டால் அந்த நேரம் கிடைக்கும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் இன்று சாதாரணமாகத் தோன்றுகின்றன. நம் பாட்டிமார் காலத்தில் இவை இல்லை. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிமாருக்கு உதவும்படி ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணைக் கேட்டார்கள். அவர் அப்போது டாக்டருக்குப் படித்தவர் அல்ல. டாக்டரான அவருடைய தகப்பனாரை அழைத்துப் போக வந்தவர்கள் சம்மதிக்கவில்லை, ஆண் என்பதால். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு அவர் அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி, வேலூரில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த போர் கமிட்டி 1946-ல் கொடுத்த அறிக்கையில், இந்த நாட்டில் ஆயிரம் பிரசவத்துக்கு இருபது தாய்மார் வீதம் சாகிறார்கள் என்று மதிப்பிட்டிருந்தது. லட்சத்துக்கு இரண்டாயிரம்! 2018–20-ம் ஆண்டுக் கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு அகில இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19.

இந்த இறக்கம் தானாக வந்ததல்ல. கிராமத்துக்குக் கிராமம் நர்ஸம்மாக்கள் நடந்து, எழுதி, திட்டி, கெஞ்சிச் சேர்த்த பலன் இது. சமவெளியில் ஐயாயிரம் ஜனங்களுக்கு ஒரு துணை நிலையம் என்பது சர்க்கார் வகுத்த அளவு. அந்த ஐயாயிரம் பேரில் உள்ள கர்ப்பிணி, கைக்குழந்தை, தடுப்பூசி, கணக்கு, கம்ப்யூட்டரில் பதிவு எல்லாம் ஒரு பெண்ணின் தலையில். அவர் நம்மை அதட்டுகிறார் என்று கோபிக்கிறோம். அதட்டுவது சரி என்று நாம் சொல்லவில்லை. கிழிந்த புடவையைப் பார்த்து மரியாதையைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதை எதிர்த்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவரும் உழைப்பாளிதான், அவருடைய வேலைப்பளுவும் நம் கோரிக்கைகளில் சேர வேண்டியதுதான் என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே உள்ள அந்த முப்பத்தைந்து உயிர்களைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே வீட்டில் பிரசவம் என்பது அநேகமாக மறைந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது மட்டும் போதாது, எந்த நிலையில் போய்ச் சேருகிறாள் என்பதைப் பொறுத்தே உயிர் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது கடைசி மூன்று மாதச் செக்கப். (தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி இங்கே விரிவாக எழுத இடமில்லை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 36 ஆபரேஷன், தனியாரில் 64. ஒரே ஊர்ப் பெண்களின் இடுப்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இப்படியா மாறும்?)

உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் ஒரு கர்ப்பத்துக்கு எட்டுத் தடவையாவது பார்க்க வேண்டும் என்று வகுத்தது. அந்த எட்டில் ஐந்து முப்பதாவது வாரத்திலிருந்து பிரசவம் வரைக்குள்: 30, 34, 36, 38, 40-வது வாரங்கள். நம் நாட்டுச் சர்க்கார் குறைந்தது நான்கு தடவை என்கிறது. இது குறைந்தபட்சம்தான். எட்டு என்று வைத்துக்கொண்டால், கடைசிப் பத்து வாரத்தில் மட்டும் ஐந்து நாள் கூலி. பிரசவச் செலவுக்காக ஒவ்வொரு காசையும் சேர்த்து வைக்கிற அதே காலத்தில் ஐந்து நாள் கூலி போகிறது. நம் தோழரின் மனைவி பயந்தது இந்தக் கணக்குக்குத்தான். அவளை அறியாமை என்று யாராவது குறை சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அவள் கணக்குத் தெரிந்தவள். கணக்கைப் போட்டுத்தான் போகாமல் இருந்தாள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் 12 வாரச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தது. 2017-ல் செய்த திருத்தத்தில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஆயிற்று. பிரசவத்துக்கு முன்னால் அதில் எட்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம். 2020-ம் வருஷத்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 26 வாரம் இருக்கிறது. பிரசவ நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். காண்டிராக்டர் கணக்கில் வேலை செய்கிறவள் என்பதால் இந்த உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படுகிறவர்களுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுக்க வேண்டும். இன்னொரு ஷரத்து நம்மில் அநேகருக்குத் தெரியாது. பிரசவ நாளுக்கு முந்தைய சுமார் பத்து வாரத்தில், கடினமான வேலையையோ நெடுநேரம் நின்று செய்யும் வேலையையோ தன்னிடம் வாங்கக் கூடாது என்று ஒரு பெண் கேட்டால், முதலாளி வாங்கக் கூடாது. ரிங் பிரேம் நின்று செய்யும் வேலை அல்லவா? அப்படியானால் இந்த ஷரத்தின்படி உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டு எத்தனை பெண்கள் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள்? நமக்குத் தெரிந்த ஆலைகளில் ஒருவரும் இல்லை. கேட்டால்தான் கிடைக்கும் என்று சட்டம் எழுதியிருக்கிறது. கேட்டால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதை ஆலை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. தனியாக அவள் கேட்க மாட்டாள். சங்கம் கேட்க வேண்டும்.

செக்கப் நாளுக்கோ இந்தச் சட்டங்களில் தனியாகக் கூலியோடு விடுப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2000-ம் வருஷத்துச் சிபார்சு ஒன்றில், கர்ப்பிணித் தொழிலாளி முதலாளிக்குத் தெரிவித்துவிட்டு மருத்துவப் பரிசோதனைக்காக வேலை ஸ்தலத்தை விட்டுப் போக உரிமை வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. போக உரிமை உண்டு, போனால் கூலி இல்லை என்றால் அந்த உரிமையைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். ஆகவே சட்டத்தில் இல்லாததை ஒப்பந்தத்தில் வாங்க வேண்டும். இனி எந்த ஆலையில் கூலி ஒப்பந்தம் பேசினாலும், சுகாதார அட்டையில் தேதி போட்ட செக்கப் நாளுக்கு முழுக் கூலி, அட்டெண்டன்ஸ் போனஸில் பிடித்தம் இல்லை, காண்டிராக்ட் பெண்களுக்கும் இது உண்டு என்று ஒரு ஷரத்தைச் சேர்க்க வேண்டும் என்று கோருகிறோம். ஒரு ஆலையில் ஒரு சமயத்தில் கர்ப்பிணிகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? இதனால் எந்த முதலாளியும் திவாலாக மாட்டார்.

"இப்படியெல்லாம் கேட்டால் கல்யாணமான பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள்" என்று நம் தோழர்களில் சிலர் சொல்கிறார்கள். இது வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. கல்யாணமாகாத சிறு பெண்களை மூன்று வருஷத்துக்கு விடுதியில் அடைத்து வைத்து வேலை வாங்கி, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்தை இதே நூற்பு ஆலைகள் நடத்தியதை நாம் பார்த்தோம். பிள்ளை பெறும் பெண் வேண்டாம் என்பதற்கு அது ஒரு மரியாதையான பெயர். இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள இடங்களில் 26 வாரச் சம்பளம் முழுவதையும் அந்த ஒரு முதலாளியே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதும் இதற்குத் துணை போகிறது. எல்லா முதலாளிகளும், பெண்களை வைத்திருந்தாலும் வைத்திராவிட்டாலும், ஒரு பொது நிதியில் செலுத்தி அதிலிருந்து கொடுப்பதுதான் சரியான ஏற்பாடு. அது வரும் வரையில் பயந்து வாயை மூடிக்கொண்டால், பெண்கள் வேலையும் போகும், உயிரும் போகும்.

விவசாயக் கூலிப் பெண்களின் நிலைமையோ இன்னும் மோசம். விடுப்புக் கேட்க அவளுக்கு முதலாளி என்று ஓர் ஆளே இல்லை. இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல். அறுவடைக் கூலியைத் தவறவிட்டால் அது மறுபடி வராது. அவளுக்கு இருப்பது சர்க்கார் உதவித் தொகை ஒன்றுதான். 1987-ல் முந்நூறு ரூபாயில் ஆரம்பித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி, 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் 14,000 பணம், மீதி சத்துப் பொருள் பெட்டிகள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 14,000 ரூபாய் 35 நாள் கூலி. ஆலைப் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம். வயல் பெண்ணுக்கு ஐந்து வாரம். அவள் வயிற்றில் இருப்பது மட்டும் சீக்கிரம் வளர்ந்துவிடுமா? அதுவும் தவணை தவணையாக, பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகு. செக்கப்புக்குப் போவதற்கு உதவ வேண்டிய பணம் பிள்ளை குப்புற விழுந்த பிறகு வந்து சேர்ந்தால் யாருக்கு லாபம்?

மத்திய சர்க்கார் செய்தது இதைவிட விசித்திரம். 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. 2017-ல் திட்டம் வந்தபோது முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய் என்று ஆயிற்று. பிற்பாடு, இரண்டாவது பிள்ளை பெண்ணாக இருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள். சட்டத்தில் 'ஒவ்வொரு' என்று இருந்த வார்த்தை எங்கே போயிற்று என்று பார்லிமெண்டில் கேட்டாயிற்று, தெருவிலும் கேட்டாயிற்று. உதவித் தொகையைப் பிள்ளைக் கணக்குப் பார்க்காமல் கொடுக்க வேண்டும். நிறைமாதத்துக்குள் பாதிக்கு மேல் கையில் கிடைக்கச் செய்ய வேண்டும். செக்கப்புக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் கூலிப் பெண்ணுக்கு அன்றைய கூலியை அங்கேயே கொடுக்க வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கேட்க வேண்டும்.

சர்க்காரும் முதலாளிகளும் செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. ஒரு ஆலையில் நம் சங்கத்துப் பெண்கள் ஒரு பழைய காலண்டரை எடுத்து, யாருக்கு எந்தத் தேதி செக்கப் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவளுடைய சைடைப் பக்கத்து ஆட்கள் பங்கு போட்டுப் பார்த்துக்கொள்ள, அவள் இரண்டு மணி நேரத்தில் போய்விட்டு வந்துவிடுகிறாள். சூப்பர்வைசருக்குத் தெரியும், தெரியாதது போல் இருக்கிறார். இதைப் படித்து மற்ற ஆலைகளிலும் செய்வதை நாம் வரவேற்போம். நடவுக்குப் போகும் கோஷ்டியும் நிறைமாதக்காரியின் வரிசையை மற்றவர்கள் பகிர்ந்து நட்டு, கூலியை மட்டும் சமமாகப் பிரித்துக் கொடுக்கலாம். பிள்ளைத்தாய்ச்சியைக் குனிய விடாத பெண்கள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நான்காவது மாதம் தாண்டிய கர்ப்பிணிகளை டாக்டர்களே பார்க்கும் ஏற்பாடு 2016-லிருந்து இருக்கிறது. செலவு கிடையாது. நம் கிளைத் தோழர்கள் தங்கள் தெருவில், தங்கள் லயனில், நிறைமாதமாக இருக்கும் பெண்கள் யார் யார் என்று அடுத்த 9-ம் தேதிக்குள் விசாரித்து வைக்கட்டும். துணைக்கு ஆள் இல்லாதவளுக்குத் துணை ஏற்பாடு செய்யட்டும். தாய் சேய் அட்டையைக் கையில் கொண்டு போக வேண்டும். ராத்திரி வலி கண்டாலும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் டாக்டர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், ரத்தம் படுதல், தண்ணீர் கசிதல், காய்ச்சல், பிள்ளை துடிப்புக் குறைதல்—இவற்றில் ஒன்று இருந்தாலும் 9-ம் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட வேண்டும். கூலி பிடிக்கப்பட்டால் சம்பளச் சீட்டோடு சங்கத்துக்கு வரலாம். மனு எழுதித் தருகிறோம். உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு எழுதித் தருகிறோம்.